கோட்டையூர்ச் சேகரிப்பு சென்னையில்தான் இருக்கிறது

"கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நம் ஊர் ஆவணக் காப்பகத்துக்கும் எதையும் கொடுக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை அண்ணே. 1992இல் அவர் காலமான பிறகு அவருடைய பழைய தமிழ்ப் புத்தகச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது உண்மை. ஆனால் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கழித்துப்போட்டதையும் அவர் எடுத்துவைத்ததால்தான் இன்று அவை மிஞ்சியிருக்கின்றன. நம் வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் பர்மாக் கடைப் பேரேட்டில் பாதியைக் கரையான் தின்றிருக்கிறது. நகரத்தார் கல்யாண ஒப்பந்தம் எழுதிய இசைகுடிமான ஓலையைக் கொடுக்க மனம் வரவில்லையா, சரி, ஸ்கேன் மட்டுமாவது எடுக்க விடுங்கள். ஓலை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.