இன்கமிங் சர்வர் என்கிற இம்சை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும் ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்ப்பவரும் இப்போது சொந்த டொமைனில் (தங்களுக்கென வாங்கிய இணையப் பெயரில்) மெயில் வாங்கிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். அதை போனில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடுகிறதே!

யூசர்நேம் என்று கேட்டால் '@'க்கு முன்னால் இருப்பதை மட்டும் அடிக்கத்தான் யாருக்கும் கை போகும். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் (மெயிலைத் தங்கள் சர்வரில் வைத்துத் தரும் சேவையில்) முழு முகவரியும் வேண்டும். அதை அந்தக் கட்டத்திலேயே எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? 'பாஸ்வேர்டு தவறு' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப அடித்தால் சர்வர் நம் ஐபியையே, அதாவது நம் இணைய இணைப்பின் எண்ணையே, பூட்டிவிடும். கடை வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் மெயில் நின்றுபோகும். மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் அந்தப் பூட்டுதான்.

அடுத்து சான்றிதழ், அதாவது சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் அத்தாட்சி. இன்கமிங் சர்வர் (நமக்கு மெயிலை எடுத்துத் தரும் சர்வர்) என்ற கட்டத்தில் நம் டொமைன் பெயரைப் போட்டிருப்போம். சான்றிதழோ ஹோஸ்டிங் சர்வரின் பெயரில் இருக்கும். உடனே எச்சரிக்கை வரும். கண்ணை மூடிக்கொண்டு 'ஏற்கிறேன்' அழுத்தாதீர்கள், ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலில் காட்டும் சர்வர் பெயரையே போடுங்கள். போர்ட் எண், எஸ்எஸ்எல் என்கிற பாதுகாப்பான இணைப்போடு ஐமேப்புக்கு (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) 993, பாப்புக்கு (மெயிலை நம் கருவியில் இறக்கிக்கொள்ளும் முறை) 995.

பாப் எடுத்தால் 'சர்வரில் பிரதி வை' என்பதை டிக் செய்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கடைக் கம்ப்யூட்டர் மெயிலை இழுத்துக்கொண்டு சர்வரில் அழித்துவிடும். எத்தனை ஜோடி, என்ன எடை என்று ஆர்டரைப் பட்டறையில் நின்று போனில் தேடினால் இன்பாக்ஸ் காலியாகக் கிடக்கும்.