படத்தில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி அல்ல

பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: ‘நிழலிலும் தரையை மூடிப் பூக்கும் நம் நாட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணி; கீரையாகவும் சமைக்கலாம்.’ தவறு. அது வெடேலியா, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடமுண்டு. சமையலில் சேர்க்காதீர்கள்.

பூவை நம்பாதீர்கள், இரண்டும் மஞ்சள்தான். இலையைப் பாருங்கள். வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து பளபளக்கும். நாட்டுச் செடியின் இலை ஒடுங்கி நீண்டு, மடல் பிரியாமல் சொரசொரப்பாக இருக்கும். வெடேலியாவைப் பிடுங்கினால் தண்டுகளைக் கால்வாயோரம் எறியாதீர்கள். ஈரம் பட்ட கணுவெல்லாம் வேர்விடும். பக்கிங்காம் கால்வாய்க்கு ஆகாயத்தாமரைத் தொல்லையே போதும். நாட்டு வகை அரைநிழலில் ஈரமண் இருந்தால் படரும். முழு இருட்டுச் சந்தில் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.