தனியாளாகப் பாடினால் கரோக்கியா?

வெள்ளி இரவு கிழக்கு லண்டனில் ஒரு பப்பில் பாட்டுக் கேட்கப் போயிருந்தோம். மேடையில் ஒரே ஒரு மனிதர். 1976இலிருந்து 1982 வரை வந்த பங்க் (வேகமும் கோபமும் நிறைந்த எளிய ராக் இசை), அதையொட்டி வந்த நியூ வேவ் பாட்டுகளை மட்டும்தான் பாடுவார். க்ளாஷ், ஜாம், பஸ்காக்ஸ், பிளாண்டி, ஸ்பெஷல்ஸ் என்று அந்தக் காலக் குழுக்களின் பாட்டுகளோடு இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. வெளியே வந்ததும் கூட வந்த நண்பன், "மச்சான், இது கரோக்கிதானே, இதுக்கு ஏன் 10 பவுண்?" என்றான். தெருவிலேயே கொஞ்சம் சூடாகக் கதைத்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கரோக்கியில் வரிகள் திரையில் ஓடும். இவர் முன்னால் திரை கிடையாது. மைக் தண்டில் மார்க்கரால் எழுதி ஒட்டிய ஒரு தாள், அதிலும் பாட்டின் முதல் சொல் மட்டும். ட்ரம்ஸும் பேஸ் கிற்றாரும்தான் முன்பே பதிவு செய்த ட்ராக்கில் வருகின்றன. கிற்றார் அவருடைய கையில். காலடியில் ஒரு பெடல், அதை மிதித்தால் அடுத்த பாட்டு. இருபத்தைந்து பாட்டும் மனப்பாடம். நடுவில் மூச்சு வாங்க இடம் இல்லை, சுருதி விலகினால் மூடி மறைக்கப் பக்கத்தில் ஆளும் இல்லை. போதாக்குறைக்கு மூலையில் பந்தாட்டம் ஓடிய டிவியை யாரும் அணைக்கவில்லை.

ஒரு குறையை ஒத்துக்கொள்கிறேன். ட்ராக்கின் வேகம் மாறாது. உண்மையான பங்க் குழுவில் ட்ரம்மருக்கு வெறி ஏறினால் பாட்டே குதிரை மாதிரி ஓடும். அந்த ஓட்டம் இங்கே இல்லை.

ஆனால் பங்க் எப்படித் தொடங்கியது? சைட்பர்ன்ஸ் என்ற சிற்றிதழ் மூன்று கிற்றார் கோர்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) படம் வரைந்து காட்டி, இனி நீயே குழு தொடங்கு என்றது. 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் பெடியன்கள் 500 பவுண் கடன் வாங்கித் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். பெரிய கொம்பனி வந்து கதவைத் தட்டும் என்று காத்திருக்கவில்லை. இரண்டு ஸ்பீக்கரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் இந்த மனிதரும் அதைத்தான் செய்கிறார். இவரைப் பங்க் இல்லை என்றால் வேறு யாரைச் சொல்வது?

இன்னொன்று. க்ளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 2002இல் போய்விட்டார். பஸ்காக்ஸின் பீட் ஷெல்லி 2018இல், ஸ்பெஷல்ஸின் டெரி ஹோல் 2022இல். நூறு பேர் நிற்கிற வேர்வை மணக்கும் சின்ன அறைகளில் வளர்ந்த பாட்டுகள் இவை. அவற்றை மறுபடி அப்படியொரு அறையில் கேட்க வேண்டுமென்றால் இப்படி ஒருத்தர் வந்து பாடினால்தான் உண்டு.

அன்றைக்கு ஸ்பெஷல்ஸின் 'கோஸ்ட் டவுன்' பாடினார். 1981 ஜூலையில், பிரிட்டன் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது முதலிடத்தில் இருந்த பாட்டு. அதில் ரிக்கோ ரொட்ரிகஸின் ட்ரொம்போன் வரும் இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டார். ட்ரம்ஸும் பேஸும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் பக்கத்தில் நின்ற, அறுபது வயது தாண்டிய பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு அந்த ட்ரொம்போனை வாயாலேயே ஊதினார். பிறகு பக்கத்து மேசை. பிறகு அறை முழுவதும். எந்த ட்ராக்கில் அது வரும்?

எனக்கு க்ளாஷ் அறிமுகமானதே தலைகீழாகத்தான். எங்கட மாயா, அதாவது எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் லண்டன் ஈழத்தமிழ்ப் பாடகி, 2007இல் 'பேப்பர் பிளேன்ஸ்' கொண்டுவந்தபோது அதில் சுழலும் அந்த கிற்றார் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய், 1982இல் வந்த க்ளாஷ் பாட்டில் போய் நின்றேன். முடிந்தபிறகு இதை அவரிடம் சொன்னேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, மறுபடி கிற்றாரை எடுத்து அந்த நாலு சுரத்தை எனக்காக வாசித்துக் காட்டினார்.

அடுத்த மாதக் கடைசி வெள்ளி மறுபடி வருகிறார், அதே 10 பவுண்தான். நண்பனுக்கும் சேர்த்து நானே எடுக்கப்போகிறேன். வர விருப்பமானவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கோ.