இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கதாநாயகி

மொரிஷியஸ் தீவின் தென்கிழக்கில், மாயேபூருக்குப் போகிற பேருந்துகள் நின்று போகும் சின்ன ஊர் எங்களுடையது. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமரம், மாமரத்தடியில் பாக்கியம் அக்காவின் தள்ளுவண்டி. அக்கா சுடுவது காத்தோ பிமா. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் பருப்பு வடைக்குத் தம்பிதான், கப்பலேறி வந்த இடத்தில் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டது. ஊறவைத்த பருப்பைக் கரகரவென்று அரைத்து, பச்சை மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி போட்டு, நெல்லிக்காய் அளவில் உருட்டிப் பொரிப்பார்கள். ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, உள்ளே நாலு காத்தோவை அமுக்கினால் காலைச் சாப்பாடு தயார்.

நான் தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாவலாசிரியனும்கூட. இந்த இரண்டில் முதலாவதை மட்டும்தான் ஊர் ஒப்புக்கொள்கிறது.

கீழே வரும் பேச்சு முழுக்கக் கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவுப் பேச்சுமொழியில், நடந்தது. நான் தமிழாக்கியிருக்கிறேன். 'ஐயோ' என்பதை மட்டும் தொடவில்லை, கிரியோலிலும் அது ஐயோதான்.

நான்: அக்கா, ரெண்டு காத்தோ, ஒரு வனிலா டீ.

அக்கா: இந்தா.

நான்: இது ஆறிப்போய் இருக்கிறதே. சட்டியில் ஒரு ஈடு வேகிறதே, அதிலிருந்து கொடுங்கள்.

அக்கா: அது மனிதர்களுக்கு.

நான்: அப்போது நான்?

அக்கா: நீ எழுத்தாளன்.

நான்: என்ன கோபம் அக்கா?

அக்கா: ஏழாம் அத்தியாயம்.

நான்: (புரையேறி) நீங்கள் என் நாவலைப் படித்தீர்களா?

அக்கா: எனக்கு எங்கே தமிழ் படிக்கத் தெரியும்? நோட்டில் இருக்கிற 'நூறு ரூபாய்' மட்டும் தெரியும். அதுவும் எழுத்தைப் பார்த்து இல்லை, அதில் இருக்கிற நம் தலைவர் சீனிவாசன் படத்தைப் பார்த்து.

நான்: 1998இல் புது நோட்டு அடித்தபோது இந்தியைத் தமிழுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள் என்று ஊரே கொதித்ததே. முதல் ஆளாகக் கத்தினவர் நீங்கள்தானே?

அக்கா: பின்னே? நம் எழுத்தைப் பின்னால் தள்ளினால் பார்த்துக்கொண்டு இருப்பதா? அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள் இல்லையா?

நான்: அந்த எழுத்தைத்தான் படிக்கத் தெரியாதே உங்களுக்கு.

அக்கா: கோயிலில் கூடத்தான் கைகூப்பி நிற்கிறேன். மந்திரம் தெரிந்தா நிற்கிறேன்?

(இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறின காத்தோவைக் கடித்தேன்.)

நான்: சரி, படிக்காமல் ஏழாம் அத்தியாயம் எப்படித் தெரிந்தது?

அக்கா: பூசாரி சொன்னார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் உன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் சுண்டல் வாங்கின கையோடு ஓடுகிற கூட்டம், இப்போது சப்பணம் போட்டு உட்கார்கிறது.

நான்: (நெஞ்சு விம்மி) ஊரே கேட்கிறதா! சென்னையில் 200 பிரதி அச்சடித்துக் கப்பலில் வரவழைத்தேன் அக்கா. விற்றது பதினொன்று.

அக்கா: பூசாரி வாங்கினதையும் சேர்த்தா?

நான்: அவருக்குச் சும்மா கொடுத்தேன்.

அக்கா: மீதியெல்லாம்?

நான்: கட்டிலுக்கு அடியில். ஒன்று யோசித்துப் பாருங்கள். 1847இல் நம் தீவில் அடித்த ரெண்டு ஸ்டாம்பு, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஓரத்தில் 'போஸ்ட் ஆபீஸ்' என்று ரெண்டு வார்த்தை இருக்கிறது. அதற்காக 1993இல் 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, போர்ட் லூயியில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்று கொஞ்ச நேரம்தான் விளக்கே போடுவார்கள். அதே தபால் துறையில் வேலை பார்த்தவன் நான், 312 பக்கம் எழுதியிருக்கிறேன். சீண்ட ஆளில்லை.

அக்கா: ஸ்டாம்பு யாரையும் மைதா கலப்பவள் என்று சொல்லவில்லையே!

நான்: ...

அக்கா: ஏன் வாயை மூடிக்கொண்டாய்? ஏழாம் அத்தியாயத்தில் பேருந்து நிறுத்தத்தில் காத்தோ விற்கிறவள் அரைத்த பருப்பில் மைதா கலக்கிறாளா இல்லையா?

நான்: அது கற்பனைப் பாத்திரம் அக்கா.

அக்கா: மாமரத்தடியில் வண்டி.

நான்: தீவில் மாமரத்துக்கா பஞ்சம்?

அக்கா: இடது மணிக்கட்டில் எண்ணெய் பட்ட தழும்பு.

நான்: எண்ணெய் யார் மேலும் தெறிக்கும்.

அக்கா: பேர் சௌபாக்கியம்!

நான்: 'சௌ' சேர்த்திருக்கிறேனே.

அக்கா: ஐயோ! நாற்பது வருடமாக ஒரு சிட்டிகை மைதா தொட்டதில்லை நான். பருப்பை ராத்திரியே ஊறப்போட்டு, விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீரை ஒட்ட வடித்து அரைக்கிறேன். தண்ணீர் நின்றால்தான் உருண்டை உதிரும், உதிர்ந்தால்தான் மைதா தேடுவார்கள். இப்போது வருகிறவன் எல்லாம் காத்தோவைப் பிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தின்கிறான். நேற்று ஒரு சின்னப் பையன் மோந்து பார்த்தான்.

(அக்கா ஒன்றைப் பிட்டு என் மூக்குக்குக் கீழே நீட்டினார். மேலே மொறுமொறுவென்று சிவந்திருந்தது. உள்ளே பாதி அரைபட்ட பருப்பு மஞ்சள் மஞ்சளாக, நடுவே வெங்காயத்தாளின் பச்சை. மைதா இல்லை. நான் எழுதும்போதே எனக்குத் தெரியும், இல்லையென்று. ஆனால் சௌபாக்கியத்துக்கு ஒரு குறை தேவைப்பட்டது.)

நான்: என் கஷ்டத்தையும் கேளுங்கள். சென்னையில் ஒருவர் 'தெருமுனையில் ஒரு டீக்கடைக்காரர்' என்று எழுதினால், ஊரில் இருக்கிற ஆயிரம் டீக்கடைக்காரரும் அது வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள். நம் தீவு 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம். அதில் நம் ஊர் இந்த நிறுத்தத்திலிருந்து கோயில் வரைக்கும். இங்கே காத்தோக்காரி என்று எழுதினால் நீங்கள்தான், குடிகாரன் என்று எழுதினால் அவர்தான். மாற்றி எழுத எனக்கு இன்னொரு குடிகாரன் கிடைப்பதில்லை.

அக்கா: அந்த வட்டிக்காரனுக்கு மட்டும் நல்ல பேராகப் பிடித்தாயே.

நான்: அதற்குப் பட்ட பாடு! நம் ஆறுமுகங்களை எல்லாம் அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் 'ஆர்மூகோம்' என்று எழுதி வைத்துவிட்டார்கள். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆனார். தீவில் பாதி வீட்டில் இந்தப் பேர்தான். எதை வைத்தாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள். டெலிபோன் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்து, அதில் இல்லாத பேராகத் தேடி எடுத்தேன்.

அக்கா: அது நம் ஊர் வட்டிக்காரரின் மாமனார் பேர்.

நான்: அவர் வீட்டில் டெலிபோன் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: சரி விடு, அவராவது கதையில் இருக்கிறார். தையல்காரர் அண்ணன் இருக்கிறாரே, தன்னை நீ போடவே இல்லை என்று மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை.

நான்: அவரைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லையே அக்கா.

அக்கா: அதைத்தான் நானும் சொன்னேன். அழுதுவிட்டார்.

நான்: எழுத்து என்பது கேட்டு வாங்குகிற விஷயமா? உள்ளேயிருந்து ஊற்றுப் போல வரவேண்டும்.

அக்கா: உனக்கு ஊற்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இதோ இந்தப் பெஞ்சில். ஒரு டீயை வாங்கிக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் பேசுவதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறாய். கேட்ட கதைக்கு யாருக்காவது காசு கொடுத்திருக்கிறாயா?

நான்: புயல் நாளில்கூட எழுதுவேன். அன்றைக்குப் பேருந்து கிடையாது, யாரும் கூப்பிட மாட்டார்கள், கரண்டும் இருக்காது. மெழுகுவர்த்தி வெளிச்சம், வெளியே காற்று. பதினோராம் அத்தியாயம் முழுக்கப் பெலால் புயலன்று எழுதினதுதான்.

அக்கா: 2024 ஜனவரியில் வந்ததே, அதுதானே? எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊரெல்லாம் கூரைக்கு மேல் கல் ஏற்றினார்கள். நீ அத்தியாயம் எழுதினாய். உன் சமையலறைத் தகரம் என் கத்தரிச் செடி மேல் வந்து விழுந்தது.

நான்: அதையும் எழுதியிருக்கிறேன். 'வானத்துப் பறவை ஒன்று சிறகொடிந்து வீழ்ந்தாற்போல...'

அக்கா: பதினாறு செடி.

(அக்கா சட்டியைக் கிளறினார். கோபம் தணிகிறது என்று நினைத்தேன். எண்ணெய்தான் தணிந்திருந்தது, அடுப்பை ஏற்றினார்.)

அக்கா: மைதாவைக்கூட மன்னித்துவிடலாம் தம்பி. கப்பலை மன்னிக்க முடியாது.

நான்: எந்தக் கப்பல்?

அக்கா: வகாஷியோ. 2020 ஜூலையில் வந்து பாறையில் ஏறி நின்றதே. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து கரையெல்லாம் கறுத்ததே. அப்போது ஊர் என்ன செய்தது?

நான்: கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி, நீளநீளமாகத் தைத்துக் கடலில் இழுத்து விட்டது. எண்ணெயைத் தடுக்க.

அக்கா: யார் தைத்தது?

நான்: (மெதுவாக) நாவலில் கதாநாயகன்.

அக்கா: ஒற்றை ஆளாக!

நான்: ஒரு குறியீடாகத்தான்...

அக்கா: அவனுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியுமா? தோகையை வெறுங்கையால் அள்ளினால் முழங்கை வரைக்கும் அறுக்கும், தெரியுமா? வெட்டவெட்டக் கையுறை தீர்ந்துபோய் என் மருமகள் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு திணித்தாள். அந்த எண்ணெய் நாற்றத்தில் ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. தீவின் மறுகோடியிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து மாயேபூர்க் கரையில் உட்கார்ந்து தைத்தார்கள். முடி வெட்டிக் கொடுத்தவர்கள்கூட உண்டு, எண்ணெயை உறிஞ்சும் என்று. நான் சாக்குச் சாக்காகக் காத்தோ சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதில் எது உன் புத்தகத்தில் இருக்கிறது?

நான்: காலுறை விஷயம் எனக்குத் தெரியாதே!

அக்கா: எப்படித் தெரியும்? நீ என்ன செய்துகொண்டிருந்தாய் அப்போது?

நான்: குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா: எங்கே நின்று?

நான்: ...காற்று வருகிற பக்கமாக.

(கொஞ்ச நேரம் எண்ணெய் மட்டும் பேசியது.)

நான்: மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. முடிவாவது பிடித்ததா? கதாநாயகி அஞ்சலை கடலில் மூழ்கி இறக்கிற இடம். நான் அழுதுகொண்டே எழுதினேன்.

அக்கா: எந்தக் கடலில்?

நான்: நம் கடலில்தான். நம் கரையிலிருந்து இறங்கி நடக்கிறாள்.

அக்கா: தம்பி, பவளப்பாறைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் இடுப்பளவு. நாங்கள் அங்கே நடந்துபோய் ஊரித்து குத்துகிறோம்.

(ஊரித்து என்றால் எட்டுக்கால் கணவாய். ஞாயிற்றுக்கிழமைக் கறி.)

நான்: அவள் மனமுடைந்திருக்கிறாள் அக்கா.

அக்கா: மனம் உடைந்தால் உயரம் குறையுமா? அவள் மூழ்கவேண்டும் என்றால் குனிய வேண்டும்.

நான்: இலக்கியத்தில் வழி இருக்கிறது. 1788இல் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதின பால், வீர்ஜினி கதையில் அந்தப் பெண்ணும் நம் தீவுக் கடலில்தானே செத்தாள்? க்யூர்பிப்பில் சிலையே வைத்திருக்கிறார்கள்.

அக்கா: அவள் பாறைக்கு வெளியே, கப்பலோடு போனவள். 1744இல் நிஜமாகவே ஒரு கப்பல் உடைந்ததாம், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அங்கே ஆழம் உண்டு. அதிலும் அவள் கனத்த உடுப்பைக் கழற்ற மாட்டேன் என்றதால்தான் செத்தாள். உன் அஞ்சலை என்ன போட்டிருந்தாள்?

நான்: சின்னாளம்பட்டிச் சேலை.

அக்கா: பார்த்தாயா? அது மிதக்கும். இந்தத் தீவில் பேனா எடுத்தவன் எல்லாம் ஒரு பெண்ணைக் கடலில் தள்ளிவிடுகிறான். நல்லவேளை, பூசாரி அவளைச் சாகவிடவில்லை.

நான்: என்னது?

அக்கா: உனக்குத் தெரியாதா? அவள் கடலில் இறங்குகிறாள். நடக்கிறாள், நடக்கிறாள், முட்டி நனைகிறது, இடுப்பு நனைகிறது, அதற்கு மேல் நனையவில்லை. நின்று யோசிக்கிறாள். காலடியில் ஒரு ஊரித்து. கையோடு பிடித்துக்கொண்டு, சேலையைப் பிழிந்து சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கறி வைக்கிறாள். புருஷனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். கோயிலில் கைதட்டினார்கள் தம்பி. கோயிலில்!

நான்: இது என் நாவலே இல்லை!

அக்கா: அதனால்தான் தட்டினார்கள். போன வெள்ளிக்கிழமை புருஷன் திண்ணையில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான். இந்த வாரம் அவனுடைய அம்மா வருகிறாள்.

நான்: அம்மாவா? அம்மா மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துப்போய்விட்டாளே!

அக்கா: அது உனக்கு.

(நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பேனா எழுதவில்லை. அக்கா கணக்கு எழுதும் பென்சிலைக் காதிலிருந்து உருவிக் கொடுத்தார்.)

நான்: மெதுவாகச் சொல்லுங்கள். அந்தக் காலுறை, எந்த நிறம்?

அக்கா: பள்ளிக்கூடத்து வெள்ளை. திரும்பி வரும்போது கறுப்பு.

அதற்குள் மாயேபூர்ப் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, அஞ்சலை கதவைத் திறந்தாளா இல்லையா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து நாலைந்து தலைகள் இந்தப் பக்கம் திரும்பின.

"வெள்ளிக்கிழமைதான் தெரியும்," என்றார் அக்கா. "அவசரம் என்றால் இதோ, எழுதினவரே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேள்."

ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருக்கு எப்படித் தெரியும்? இவர் கதையில்தான் அவள் செத்துப்போய்விட்டாளே."

பேருந்து கிளம்பிப் போனது. அக்கா ஒன்றும் பேசாமல் சட்டியிலிருந்து ஒரு காத்தோவை அரித்து எடுத்து, எண்ணெய் சொட்டச்சொட்ட என் தட்டில் போட்டார்.