பூங்காவின் சாவி யாரிடம்?

'மனசு சரியில்லை' என்று ஒருவர் எழுதினால் போதும், கீழே வரிசையாக வந்து 'மரம் செடி கொடி பக்கம் போயிட்டு வாங்க, சரியாகிடும்' என்கிறார்கள். மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர் வேண்டும், சிலருக்கு மருந்தும் வேண்டும். அந்த இடத்தில் வேப்பமரத்தைக் காட்டுவது அநியாயம். (பேச ஆள் தேவைப்பட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இலவசம்.) சரி, மரத்தடிக்குப் போனால் மனசு கொஞ்சம் இளகும் என்பது பொய்யில்லை. ஆனால் போகச் சொல்கிறீர்களே, எங்கே போவது?

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் குப்பைமேடாகக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்தார்கள். சில மனைகளில் குப்பையை அள்ளி, நிலத்தைச் சமப்படுத்தி, புல்லும் சில மரங்களும் வைத்து, தாழ்வாக ஒரு மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மீதியைத் தொடவே இல்லை. 2018-ல் முடிவு வெளியானது. புல் வைத்த மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களிடம் 'சோர்வாக, மனம் உடைந்து இருக்கிறேன்' என்று சொல்வது, தொடாமல் விட்ட இடங்களோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்திருந்தது. ஏழைகள் வாழும் பகுதிகளில் 68 சதவீதத்துக்கும் மேல். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படி மாற்றமில்லை.

இது மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதுதான், மருத்துவர் பரிசோதித்துச் சொன்னதல்ல. ஆனாலும் குலுக்கிப் போட்டுச் செய்ததால், 'வசதியானவன்தான் மரமுள்ள தெருவில் இருக்கிறான், அதனால் நிம்மதியாக இருக்கிறான்' என்கிற வழக்கமான வாதம் இங்கே எடுபடாது. ஒரு மனைக்கு ஆன செலவு சுமார் 1,600 டாலர்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த வேலி. உள்ளே நடந்து போக அதில் வழி விட்டிருந்தார்கள்.

இங்கே நிலமே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். வரைபடத்தில் பூங்கா, நேரில் போய்ப் பார்த்தால் லாரி நிற்கும்.

தப்பிப் பிழைத்துப் பூங்காவானவற்றின் கதை வேறு. எங்கள் பகுதிப் பூங்காவில் எட்டு வடிவ நடைபாதை, பேவர் பிளாக், தண்ணீர் வராத செயற்கை நீரூற்று எல்லாம் உண்டு. நிழல் தரும் மரம் குறைவு. இருக்கிற கொஞ்சம் புல்லிலும் 'மிதிக்காதீர்' பலகை. காலை பத்து மணிக்குப் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு ஒரு அரை மணி நேரம் தனியாக உட்கார நினைக்கும் பெண், இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கம் வராமல் தவிப்பவர், படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்பவர், இவர்களுக்கெல்லாம் கிடைக்கிற நேரம் அந்தப் பூட்டிய நேரம்தான். 'காதலர்கள் வந்து உட்காருவார்கள்' என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். உட்காரட்டுமே, பூங்கா வேறெதற்கு?

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் இரண்டு கேள்வி எழுதிக் கொடுக்கப்போகிறேன். நம் வார்டில் ஓ.எஸ்.ஆர். இடங்கள் எவை, அவை இப்போது என்னவாக இருக்கின்றன? பூங்காவை மதியத்தில் திறந்து வைக்க என்ன தடை? நம் வார்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வருவதானால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.