அன்னை தெரசா 1950இல் வந்து இறங்கியவர் அல்ல

“மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டியை நடத்துவதற்கென்றே 1950இல் வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்டவர் அன்னை தெரசா” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டு சரி, கதைதான் தவறு. 1950 அக்டோபர் 7இல், அவர் தொடங்கிய அந்தக் கன்னியாஸ்திரிகள் சபைக்கு வத்திக்கானின் ஒப்புதல் கிடைத்தது உண்மை. ஆனால் அவர் இந்தியாவுக்கு வந்தது 1929 ஜனவரியில், லொரேட்டோ என்ற கத்தோலிக்கச் சபையில் கன்னியாஸ்திரி ஆவதற்காகச் சேர்ந்த இளம்பெண்ணாக. கல்கத்தா என்டாலியில் புவியியலும் வரலாறும் நடத்திய டீச்சர் அவர்; 1944இல் தலைமையாசிரியையும் ஆனார். ஊருக்குப் புதியவர் என்று எப்படிச் சொல்வது?

1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் ரயில் பயணத்தில்தான் ஏழைகளோடு வாழும் எண்ணம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு அனுமதி கிடைக்கவே 1948 ஆகிவிட்டது. அப்புறம் பாட்னாவில் கொஞ்ச காலம் மருத்துவப் பயிற்சி, திரும்பி வந்து மோதிஜீல் சேரியில் பள்ளி. கரும்பலகை கிடையாது, மண் தரையில் குச்சியால் எழுத்துகளை எழுதிக் காட்டினார். யாரோ அனுப்பிவைத்த நிர்வாகி செய்கிற வேலையா இது?

அவருடைய மருத்துவ இல்லங்களைப் பற்றி விமர்சனங்கள் உண்டு, அவற்றைத் தாராளமாகப் பேசலாம். அது வேறு விவாதம்.