மேலு வலிக்குன்னா எங்க வலிக்கு?

அக்கா மகள் பி.எஸ்சி நர்சிங் இரண்டாம் வருடம். போன சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து வந்தவள் கஞ்சியும் பயறும் சாப்பிட்ட கையோடு நாலு ரெக்கார்டு நோட்டை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி பதினொன்றரை வரை எழுத்துதான். எட்டிப் பார்த்தேன். 52 வயது ஆண், சர்க்கரை, காலில் ஆறாத புண். பக்கத்திலேயே சீனியரின் நோட்டு திறந்து கிடக்கிறது, அதிலும் அதே புண், அதே கால், பெயர் மட்டும் வேறு.

"இந்த ஆளை நீ பாத்தியா?"

"இல்ல சித்தி. ஒரு கட்டிலைச் சுத்தி பத்து பேரு நின்னா அவரு பாவம்லா."

திட்ட வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? நான் நர்சிங் படித்த காலத்து சிலபஸில் மகப்பேறு கேஸ் புக்கில் 20 சுகப்பிரசவம் நாமே எடுத்ததாகக் காட்ட வேண்டும். நான் கையில் பிள்ளையை வாங்கியது ஏழு முறை. மீதிப் பதின்மூன்றும் பங்குக் கணக்கு, ஒருத்தி எடுத்த பிரசவத்தை மூன்று பேர் எழுதுவோம். ஒரே லேபர் வார்டில் எங்கள் காலேஜ், பக்கத்து காலேஜ், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் நின்றால், அதிலும் பாதி பேருக்கு ஆபரேஷன் என்றால், ஆளுக்கு 20 எங்கே இருந்து வரும்? இது எழுதியவர்களுக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தெரியும். மேடங்களைக் குறை சொல்லியும் பயனில்லை, இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் நோட்டைத்தான் புரட்டுவார்கள், கட்டிலில் கிடக்கிறவரிடம் போய் இந்தப் பிள்ளை உங்களை எப்படிப் பார்த்தாள் என்று கேட்கவா போகிறார்கள்.

எழுதாதே என்று சொல்லவில்லை. ஆனால் எழுத எழுத நோயாளி சொன்னது காதில் விழாமல் போய்விடுகிறது, என் சங்கடம் அதுதான்.

எங்கள் செட்டில் தர்மபுரிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், நல்லாப் படிக்கிறவள். ஒரு பாட்டி "மேலெல்லாம் வலிக்கு மக்ளே" என்றதும் இவள் "மேலேன்னா எங்க பாட்டி, தலையா, கழுத்தா?" என்று கேட்க, பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார், இது எந்த ஊர்ப் பிள்ளை என்கிற மாதிரி. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் மேலு என்றால் உடம்பு என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? விளவங்கோடு பக்கம் போனால் பாதி மலையாளம் வேறு கலந்து வரும். இன்னொரு பையன் முந்திரி ஆபீஸில் வேலை செய்யும் அம்மாவின் கறுத்த விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு ரத்த ஓட்டம் இல்லை என்று குறித்து வைத்தான். அது முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு ஏறிய கறை. அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் ஓர்மை இருக்கிறது.

சரி, இதெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு, நமக்கென்ன என்றுதான் நானும் மூன்றாம் வருடம் வரை நினைத்திருந்தேன். ஒரு நாள் நைட் போஸ்டிங். அறுபது வயதுக்கு மேலான ஒரு அம்மா, பல வருடச் சர்க்கரை. கட்டிலில் உட்காருகிறார், எழுந்திருக்கிறார், திரும்ப உட்காருகிறார். நெஞ்சு வலிக்கா என்று கேட்டேன். "வலி ஒண்ணும் இல்ல மக்ளே, உள்ள கெடந்து ஒரே வெப்ராளமா வருது" என்றார். வெப்ராளம் எனக்குத் தெரியாத சொல்லா? இருப்புக் கொள்ளாத தவிப்பு, எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற சொல். ஆனால் கையில் இருந்த தாளில் எல்லாம் இங்கிலீஷ். இதை அதில் என்னவென்று எழுத? நெஞ்சு வலி இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

டியூட்டியில் இருந்த சிஸ்டர் கருங்கல் பக்கம். அந்த அம்மா மறுபடி வெப்ராளம் என்றதைத் தூரத்தில் இருந்தே கேட்டு வந்து முதுகில் கை வைத்துப் பார்த்தார். ஃபேன் ஓடுகிறது, ஜாக்கெட் நனைந்திருக்கிறது. ஈசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

சர்க்கரைக்காரர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுமுட்டல், குமட்டல் என்று மாரடைப்பு வரலாம் என்பது எங்கள் பாடத்திலேயே உண்டு. மனப்பாடமாகச் சொல்வேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். வெப்ராளம் என்ற சொல்தான் அதில் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் தமிழ் கற்றுக்கொண்டு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்திருக்கிறார். அந்த அளவுக்கெல்லாம் நான் கேட்கவில்லை. 2019-ல் மாறிய எம்.பி.பி.எஸ் பாடத்திட்டத்தில் தொடக்க வகுப்புகளிலேயே உள்ளூர் மொழியைச் சேர்த்தார்கள், நல்ல விஷயம். ஆனால் மொழி என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் அச்சுத் தமிழ்தானே, அதில் மேலு வராது, வெப்ராளம் வராது. நோயாளியின் முதல் குறையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது நாங்கள் படித்த விதி. அந்த ஒரு வரியையாவது தமிழ் எழுத்தில் எழுத விடுங்கள். ரெக்கார்டு பக்கத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்துக்கு ஒரு பிள்ளை ஒரு நோயாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருக்கட்டும்.

இதைத்தான் அக்கா மகளிடமும் சொன்னேன். பேனாவை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அப்புறம், "தமிழ்ல எழுதினா மேடம் சிவப்பு மையில அடிச்சிருவாங்க சித்தி, திரும்ப முழுசும் எழுதணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குக் கோடு போட ஆரம்பித்தாள்.